மலைக்கு எட்டு வயல்

எங்கள் புள்ளியியல் துறையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு ஒரு இளைஞர் காட்டூரில் என் வீட்டைத் தேடி வந்திருந்தார். "ஐயா, உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத, இனிமையான அனுபவம் ஒண்ணு எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும்" என்றார். இப்போது வயலைத் தேர்ந்தெடுப்பது முதல் கணக்கைப் போட்டு முடிப்பது வரை எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறதாம். கையால் செய்த காலம் எப்படி இருந்தது என்று புதியவர்களுக்குத் தெரியவேண்டுமாம். நல்ல பிள்ளை. காப்பி குடித்துவிட்டு, வாசல்வரை வந்த என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டுப் போனார். மறக்க முடியாதது என்னிடம் இருக்கிறது. இனிமையானது இல்லை. இருப்பதைத்தானே எழுத முடியும்?

நான் பாலக்கரையில் பிறந்தவன். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். கணிதத்தில் பி.ஏ. முடித்ததும் எனக்கு ஆசிரியர் வேலை கிடைக்கும் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். கிடைத்தது புள்ளியியல் ஆய்வாளர் வேலை. ஐம்பதுகளின் நடுவில் திருச்சிராப்பள்ளி அலுவலகத்தில் சேர்ந்தேன். பயிற்சி என்று சில மாதங்கள் சென்னையில் உட்கார்த்தி வைத்தார்கள். அதில் பாதி சூத்திரம், பாதி தூக்கம். வேலையை நான் கற்றது வயலில்தான்.

வேலை இதுதான். ஒரு மாவட்டத்தில் லட்சக்கணக்கான வயல்கள். எல்லாவற்றையும் அறுத்து நிறுத்துப் பார்க்க யாராலும் ஆகாது. அதனால் சில ஊர்களையும், அந்த ஊர்களில் சில வயல்களையும், ஒவ்வொரு வயலிலும் ஒரு சின்னச் சதுரத்தையும் எடுத்துக்கொள்வோம். அந்தச் சதுரத்தில் விளைந்ததை மட்டும் அறுத்து நிறுத்து, அதிலிருந்து மாவட்டத்தின் விளைச்சலைச் சொல்வோம். இதற்கு அறுவடைச் சோதனை என்று பெயர்.

எந்த வயல் என்பதை நாங்கள் முடிவு செய்யக் கூடாது. வயல்காரரும் முடிவு செய்யக் கூடாது. அச்சடித்த எண் அட்டவணை ஒன்று உண்டு. தலையும் வாலும் இல்லாமல் எண்கள் வரிசை வரிசையாக நிற்கும். அதில் வருகிற எண்தான் சர்வே நம்பர். அந்த வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, அட்டவணை சொல்கிறபடி நீளவாக்கில் இத்தனை அடி, குறுக்கே இத்தனை அடி என்று உள்ளே நடந்து முளை அடிக்க வேண்டும். கயிறு கட்டிச் சதுரம் போட்டு, அது கோணாமல் இருக்கிறதா என்று மூலைக்கு மூலை அளந்து பார்க்க வேண்டும். கயிற்றின் மேலேயே ஒரு பயிர் நின்றால் அதன் வேர் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பிறகு அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்து, அதில் கொஞ்சத்தைத் துணிப்பையில் கட்டிக் கொண்டுவந்து, காயவைத்து மறுபடியும் நிறுக்க வேண்டும். மிச்சத்தை வயல்காரரிடமே கொடுத்துவிட வேண்டும்.

இதில் ஒரு படி தவறினாலும் எங்கள் அதிகாரி வரதாச்சாரி கண்டுபிடித்துவிடுவார். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் குடியிருந்தார். நெற்றியில் திருமண், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, கையில் எவர்சில்வர் தூக்கு. வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். காவிரிப் பாலத்தைத் தாண்டி வருகிற பஸ் தாமதமானாலும் அவர் தாமதமாக மாட்டார். முந்தின பஸ்ஸில் வந்திருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாங்கள் கொண்டுவந்த எடையைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைப்பார். அப்படி மூடிவைத்தால் தவறு இருக்கிறது என்று அர்த்தம். எங்கே என்று சொல்லமாட்டார். நாங்களே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டு போகும்வரை பேனா திறக்காது. அவரை எனக்குப் பிடிக்கவில்லை. பயமாகத்தான் இருந்தது.

திருவானைக்கோவில் பக்கம் ஒரு மிராசுதாரின் நஞ்சையில் கயிறு போட்டபோது, சதுரம் சரியாக ஒரு சொட்டைப் பகுதியில் விழுந்தது. சுற்றிலும் நெல் தலைசாய்ந்து நிற்க, கயிற்றுக்குள் மட்டும் சோனி சோனியாகப் பயிர். மிராசுதாருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. "தம்பி, ரெண்டு முழம் இப்படித் தள்ளிப் போடுங்க. ஊரு சிரிக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மேற்பார்வைக்கு வரதாச்சாரியும் வந்திருந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரப்பில் குடையோடு நின்றவர், "கயிறு விழுந்த இடம் விழுந்த இடம்தான். உம்ம வயலைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியவேண்டாம். ஜில்லாவைப் பத்தித் தெரியணும்" என்றார். மிராசுதார் கோபித்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் குடிக்க மோர் வருவதாக இருந்தது. அது வரவில்லை.

வரதாச்சாரியிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எந்த மதிப்பீட்டையும் ஒற்றை எண்ணாக வெளியே விடமாட்டார். பக்கத்திலேயே பிழை வரம்பையும் எழுதுவார். விளைச்சல் இவ்வளவு, ஆனால் நாங்கள் பார்த்தது சில வயல்களைத்தான் என்பதால் உண்மை இதற்கு மேலே இவ்வளவு வரைக்கும், கீழே இவ்வளவு வரைக்கும் இருக்கலாம். வயல்கள் நிறைய இருந்தால் இந்த அகலம் குறையும். வயல்கள் குறைந்தால் அகலம் கூடும். மாவட்டம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் வயல்கள் போதுமானவை, வரம்பு சிறியது. சில ஊர்கள் சேர்ந்த ஒரு பிர்காவுக்கு மட்டும் தனியாகக் கேட்டால் கையில் ஐந்தாறு வயல்தான் நிற்கும். அப்போது வரம்பு வாயைப் பிளந்துகொள்ளும்.

அப்படிக் கேட்டவர் ஒருவர் இருந்தார். நிவாரணம், விளைச்சல் சம்பந்தப்பட்ட கோப்புகளையெல்லாம் கையில் வைத்திருந்த மேலதிகாரி. பெயர் வேண்டாம். அவர் பிள்ளைகள் நல்ல நிலைமையில் இருக்கிறார்கள். ஒரு வருடம் விவசாயக் கண்காட்சி நடக்கப்போகிறது என்று லால்குடிப் பக்கம் ஒரு பிர்காவின் விளைச்சலைத் தனியாகக் கேட்டார். எங்களிடம் இருந்தது ஆறு வயல். சராசரி பிரமாதமாக வந்திருந்தது.

"ஆறு வயலை வச்சுண்டு ஒரு பிர்காவைப் பத்திச் சொல்றது சரியில்லை" என்றார் வரதாச்சாரி. அதிகாரி சிரித்தார். வரதாச்சாரி சிரிக்கவில்லை. மாவட்டத்து வயல்களின் எடைகளை ஒவ்வொன்றாகத் துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தார். அவற்றைத் தூக்கின் மூடியில் கொட்டி அதிகாரியின் முன்னால் வைத்தார். "கண்ணை மூடிண்டு ஆறு எடுங்கோ."

அதிகாரி எடுத்தார். கணக்கு மிஷினின் கைப்பிடியைச் சுற்றி நான் சராசரி சொன்னேன். திரும்பப் போட்டுக் கலக்கி மறுபடியும் ஆறு. மறுபடியும் ஆறு. ஒரு தடவை வந்தது அமோக விளைச்சல். அடுத்த தடவை பஞ்சம். அதற்கடுத்தது நடுவில் எங்கோ. எல்லாம் ஒரே மூடியிலிருந்து வந்தவை. பிறகு இருபத்துநான்கு இருபத்துநான்காக எடுக்கச் சொன்னார். இப்போது சராசரிகள் அவ்வளவு குதிக்கவில்லை. முன்பு குதித்ததில் ஏறக்குறையப் பாதிதான்.

"பார்த்தேளா? வயல் நாலு மடங்கானா பிழை பாதியாறது. நாலு மடங்கு உழைச்சாத்தான் பாதி குறையும். இதுல குறுக்கு வழி கிடையாது."

"நல்லா இருக்கு சார் உங்க விளையாட்டு" என்றார் அதிகாரி. "ஆனா எனக்குக் கண்காட்சிக்கு ஒரு நம்பர் வேணும். நம்பருக்குப் பக்கத்துல இன்னொரு நம்பர் இருந்தா ஜனங்க குழம்பிடுவாங்க."

வரதாச்சாரி பிழை வரம்போடுதான் எழுதிக் கொடுத்தார். கண்காட்சிப் பந்தலில் வைத்த பலகையில் வரம்பு இல்லை. எண் மட்டும் ஆள் உயரத்துக்கு எழுதப்பட்டிருந்தது. அடுத்த பருவத்தில் அதே பிர்காவில் பூச்சி விழுந்து உதவி கேட்டு வந்தவர்களிடம், உங்கள் மண்ணில்தான் விளைச்சல் கொழிக்கிறதே என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வந்தவர்களில் ஒருவர் எங்கள் அலுவலக வாசலில் நின்று, "எந்தக் களவாணி வந்து அளந்தது?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டோம்.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன்.

அறுபதுகளில் ஒரு வருடம், ஆடியில் பெய்த மழை அதோடு நின்றுவிட்டது. பச்சைமலையில் சாமையும் வரகும் கருகுவதாகத் துறையூர்ப் பக்கமிருந்து செய்தி வந்தது. மலைக்கு உதவி தேவையா என்று தீர்மானிக்க விளைச்சலைக் கேட்டார்கள். சாமைக்கு அதுவரை அங்கே யாரும் அறுவடைச் சோதனை செய்ததில்லை. நாலு ஊர், ஊருக்கு இரண்டு வயல், மொத்தம் எட்டு வயலுக்கு மேலிடம் அனுமதி கொடுத்தது. "மலைக்கு எட்டு போதும்" என்று கோப்பில் எழுதியிருந்தது. என்னை அனுப்பினார்கள்.

துறையூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து அடிவாரத்தில் இறங்கினேன். அப்போது மேலே பாதை கிடையாது. கயிறும் முளையும் தராசும் முதுகில் ஏற, கல்லைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். இரண்டாவதாகப் போன ஊரில் அட்டவணை காட்டிய வயல் வெள்ளையம்மாள் என்ற பெண்ணுடையது. முப்பது வயதுக்குள் இருக்கும். புருஷன் கூலி தேடிக் கீழே போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. இரண்டு பெண் குழந்தைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நான் கயிறு கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது எதுக்குங்க சாமி?"

"எவ்வளவு விளைஞ்சிருக்குன்னு நிறுத்துப் பார்த்து சர்க்காருக்குச் சொல்லணும்மா."

"விளையலைன்னுதான் பார்த்தாலே தெரியுதே."

"பார்த்தாப் போதாது. நிறுக்கணும்."

"நிறுத்தா அரிசி வருங்களா?"

வரும் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. வராது என்று சொல்ல மனமில்லை. "நிறுத்தாத்தான் அவங்களுக்குத் தெரியும்" என்றேன். அவளே அறுத்துக் கொடுத்தாள். அடித்துத் தூற்றியபோது பறந்ததெல்லாம் பதர். தராசில் நின்றது ஒரு கைப்பிடி. அதிலும் கொஞ்சத்தை நான் பையில் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மிச்சத்தை அவள் முந்தானையில் வாங்கிக்கொண்டாள். பிறகு குழந்தைகளோடு உட்கார்ந்து, பதரோடு பறந்து மண்ணில் விழுந்திருந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். அடுப்பில் காட்டுக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. தண்ணீரை ஏழெட்டுத் தடவை கொட்டி மாற்றி வேகவைக்காவிட்டால் வயிற்றைக் கலக்குமாம். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். நாக்கு மரத்துப்போனது.

எட்டில் ஆறு வயல்கள் இந்த லட்சணம்தான். கடைசி ஊர் மட்டும் ஒரு பள்ளத்தில், ஊற்றை ஒட்டி இருந்தது. அங்கே அகப்பட்ட இரண்டு வயல்களிலும் சாமை நன்றாக விளைந்திருந்தது. அட்டவணை அப்படிக் கொண்டுபோய் விட்டது. அதைக் குறை சொல்ல முடியாது.

அலுவலகத்தில் வரதாச்சாரியே உட்கார்ந்து கணக்குப் போட்டார். சராசரி, வழக்கமான விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் எட்டே வயல். அவற்றுக்குள்ளும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பிழை வரம்பின் மேல்முனை போய் வழக்கமான விளைச்சலைத் தொட்டது. கீழ்முனை பூஜ்யத்துக்கும் கீழே போனது. மறுபடியும் போட்டார். அதேதான் வந்தது.

நான் அதுவரை அவரிடம் கேட்காததைக் கேட்டேன். "சார், இந்த ஒரு தடவை வரம்பை எழுத வேண்டாமே. சராசரி மட்டும் போகட்டும். மேல அவங்க இருக்கிற நிலைமையை நான் பார்த்துட்டு வந்திருக்கேன்."

பேனா மூடப்பட்டது. "லால்குடியில வரம்பைத் தூக்கி எறிஞ்சது அவா. இப்ப நாம தூக்கி எறிஞ்சா, நமக்கும் அவாளுக்கும் என்ன ஓய் வித்தியாசம்?"

"சாப்பாடு சார், வித்தியாசம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அவர் பேனாவைத் திறந்து, வரம்பை எழுதினார். அதன் கீழே, எட்டு வயல் போதாது, அறுவடை முடிவதற்குள் இன்னும் இருபத்துநான்கு வயல்களைப் பார்க்க உடனே அனுமதி வேண்டும் என்றும் எழுதினார்.

கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். கண்காட்சிக்கு நம்பர் கேட்ட அதே அதிகாரிதான் தலைமை. எங்கள் தாளில் சராசரியை அவர் பார்க்கவே இல்லை. நேராக வரம்புக்குப் போனார்.

"மிஸ்டர் வரதாச்சாரி, நீங்களே எழுதியிருக்கீங்க. விளைச்சல் வழக்கம்போலவே இருந்தாலும் இருக்கலாம்னு. இல்லையா?"

"இருக்கலாம்னு அர்த்தம் இல்லை. எட்டு வயலை வச்சு அதை மறுக்க முடியலைன்னு அர்த்தம்."

"மறுக்க முடியாத விஷயத்துக்கு நான் எப்படி நிவாரணம் கேட்டு எழுதறது? அப்புறம் இது என்ன, கீழ் எல்லை மைனஸ்ல நிக்குது? மலையில சாமை மைனஸ்ல விளையுதா?" அறை முழுவதும் சிரித்தது.

"அது வயல் எண்ணிக்கை கம்மியா இருக்கறதாலே வர்றது. அதுக்குத்தான் இன்னும் இருபத்துநாலு வயல் கேட்டிருக்கேன்."

"ஏற்கனவே நம்ப முடியாத கணக்குக்கு இன்னும் ஆளும் செலவும் எதுக்கு சார்?"

கோப்பு அன்றே மூடப்பட்டது. 'நம்பத்தகுந்த மதிப்பீடு இல்லை.' லால்குடியில் ஜனங்களைக் குழப்பும் என்று தூக்கியெறியப்பட்ட அதே வரம்பு, மலைக்கு வந்தபோது வேதவாக்காகிவிட்டது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது வரதாச்சாரியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டிருந்தால் என்ற ஒன்றுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது ஐப்பசி தொடங்கியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் அந்த மாதம் காவிரியில் துலா ஸ்நானம் விசேஷம். வருஷம் தவறாமல் அதற்கென்று விடுப்பு எடுப்பார் வரதாச்சாரி. அந்த வருஷமும் விடுப்புக் கடிதம் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் மேஜைக்கு வந்து எண் அட்டவணையைப் பிரித்து வைத்தார். "என் முன்னாடியே பன்னிரண்டு ஊர் எடும். ஊருக்கு ரெண்டு வயல். நீரும் லீவு போடும். பழைய எட்டோட இருபத்துநாலு சேர்ந்தா முப்பத்திரண்டு."

"நாலு மடங்கு" என்றேன்.

"பிழை பாதி" என்றார்.

கல்லறைத் திருநாளில் அப்பாவின் கல்லறைக்குப் போகாமல் நான் இருந்தது அந்த ஒரு வருடம்தான். ஐம்பது தாண்டிய மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலைந்து இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து மலை ஏறினார். ஆசாரத்துக்காகப் பட்டுத்துணியில் அவல் முடிந்து வந்திருந்தார். காலையில் ஊற்றுத் தண்ணீரில் நனைத்துத் தின்பார். சாயங்காலம் அதுவே. வழி தெரியாமல் நாங்கள் முழித்தபோது வெள்ளையம்மாள்தான் கூட வந்தாள். ஒரு குழந்தையை இடுப்பிலும் தராசைத் தலையிலும் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தாள். இன்னொரு குழந்தை பின்னால் வந்தது. சில ஊர்களில் எங்களுக்காக அறுவடையை நிறுத்தி வைத்திருந்தார்கள். நிறுத்தி வைக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒரு வயலில் கயிறு விழுந்த இடத்தில் ஒரு செடிகூட இல்லை. நான் வரதாச்சாரியைப் பார்த்தேன். "பூஜ்யம். எழுதும்" என்றார். எழுதினேன். அவர் திரும்பி நின்று மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி பட்டிருக்கலாம்.

வெள்ளையம்மாள் அவரிடம் கேட்டாள்: "பெரிய சாமியே வந்துட்டீங்களே, இனிமே அரிசி வந்துருங்களா?"

"இந்தத் தடவை அவாளாலே மறுக்க முடியாதும்மா" என்றார் அவர். சூத்திரம் போட்டு நிரூபித்ததைத் தவிர வேறெதையும் உறுதியாகச் சொல்லாத மனிதர். அன்று சொன்னார்.

முப்பத்திரண்டு வயல்களின் கணக்கும் முடிந்தபோது, சராசரி ஏறக்குறைய அதேதான். வரம்பு மட்டும் பாதியாகச் சுருங்கியிருந்தது. மேல்முனை வழக்கமான விளைச்சலின் பக்கத்தில்கூட வரவில்லை. இனி யாரும் சிரிக்க முடியாது என்று நினைத்தேன். சிரிக்கவில்லைதான். "இந்த இருபத்துநாலு வயலை யார் அனுமதி கொடுத்து அளந்தீங்க?" என்று கேட்டார்கள்.

எட்டு வயல் போதாது என்று தள்ளினார்கள். முப்பத்திரண்டு வயல் அதிகப்படி என்று தள்ளினார்கள். விடுப்பில் இருக்கும்போது அரசாங்கத் தராசை எடுத்துப்போனது ஏன் என்று வரதாச்சாரிக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. எனக்கும் ஒன்று வந்தது. அவர் தன் பதிலில், ஆய்வாளர் என் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர் மட்டுமே என்று எழுதி, என்னைக் காப்பாற்றிவிட்டார். அவரை வேறு மாவட்டத்தில் ஒரு பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். பிரிவு உபசாரத்தில் மாலை போட்டவர் அதே அதிகாரிதான். "துல்லியத்துக்கு மறுபெயர் நம்ம வரதாச்சாரி" என்று பேசினார். அவர் எழுந்து, "நமஸ்காரம்" என்ற ஒற்றை வார்த்தையில் நன்றியுரையை முடித்துக்கொண்டார். ஓய்வுபெற்று ஸ்ரீரங்கம் திரும்பிய பிறகு இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மலையைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

வரதாச்சாரி முதலில் எழுதிக் கேட்ட கூடுதல் வயல்களுக்கான அனுமதியும் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. மலையில் அறுவடை முடிந்து தாளும் காய்ந்து உதிர்ந்த பிறகு வந்தது.

அடுத்த வருடம் மழை பெய்தது. மலைக்குத் தனியாகச் சோதனை வேண்டும் என்று இந்தத் தடவை அவர்களே கேட்டார்கள். போனேன். அட்டவணை காட்டிய வயல்களில் பாதிக்குமேல் தரிசாகக் கிடந்தன. ஆட்கள் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். விதைக்க விதையும் இல்லை. விதி என்னவென்றால், தேர்ந்தெடுத்த வயலில் பயிர் இல்லாவிட்டால் பயிர் உள்ள அடுத்த வயலை எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் கண்டுபிடிப்பது பயிரிட்ட நிலத்தின் விளைச்சல் வீதம்தான். தரிசு அதில் சேராது. ஊற்றுப் பக்கம் தங்கிவிட்ட சிலர்தான் விதைத்திருந்தார்கள். அதனால் போன இடமெல்லாம் நல்ல வயலே அகப்பட்டது. எல்லாம் ஏறக்குறைய ஒரே எடை. சராசரி உயர்ந்தது; வரம்பும் ஒடுங்கியது. இவ்வளவு அழகான கணக்கு என் கையிலிருந்து அதற்கு முன் போனதில்லை. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எத்தனை வயல் தரிசு என்று தனியாக ஒரு குறிப்பு எழுதி இணைத்திருந்தேன். அது கேட்கப்படாத விவரம் என்று பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு நாள் துவாக்குடிப் பக்கம் போயிருந்தேன். அங்கே அப்போது பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. சாலையோரம் ஜல்லி சுமந்துகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சட்டியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சாமி, தெரியலீங்களா? தராசு தூக்கியாந்தேனே."

வெள்ளையம்மாள். கன்னம் ஒட்டியிருந்தது. மணல் குவியலின் நிழலில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. மூத்தவளா, இளையவளா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று எங்கே என்று கேட்க வாய் வரவில்லை. அவளும் சொல்லவில்லை.

"பெரிய சாமி நல்லா இருக்காருங்களா?"

"இருக்காரும்மா" என்றேன். அப்போது அவர் இல்லை.

"எங்களுக்காக அம்புட்டுத் தூரம் நடந்தாரே, பாவம். காலெல்லாம் கொப்புளம்."

மேஸ்திரி கூப்பிட்டார். அவள் சும்மாட்டைச் சரிசெய்து சட்டியைத் தூக்கிக்கொண்டாள். இரண்டடி போனவள், ஏதோ ஞாபகம் வந்தவள்போல் திரும்பினாள்.

"மேல எங்க ஊர்ல இப்ப யாரும் இல்லீங்க சாமி. அளக்கணும்னு சொல்லி வெயில்ல ஏறிப் போயிடாதீங்க. அலைச்சல்தான்."

நான் ஏற்கனவே போய் அளந்துவிட்டேன் என்றோ, அந்த வருடம் அவர்கள் மலையில் விளைச்சல் மிக நன்றாக இருந்தது என்று என் கைப்பட எழுதி அனுப்பினேன் என்றோ அவளிடம் சொல்லவில்லை. சரிம்மா என்று மட்டும் சொன்னேன்.